கடலூர், புதுச்சேரியிலிருந்து வண்டலூருக்கு ஒருநாள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். வீட்டில் இரண்டு பிள்ளைகள், மாமியார், நாங்கள் இருவர். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு இதுவரை நான்கு முறை போய் வந்திருக்கிறோம். பொங்கல் லீவோ பரீட்சை லீவோ நெருங்கினால் பள்ளிக்கூட வாசலில், மாடிப்படியில், வில்லியனூர் நாத்தனாரின் போனில் என்று அதே கேள்விகள் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்ததைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

"திறந்தவெளிப் பூங்கான்னு சொல்றாங்களே, அப்படின்னா கூண்டே கிடையாதா?"

கூண்டு கண்ணில் படாது என்பதுதான் சரி. சிங்கம், புலி, காட்டுமாடு, மான் எல்லாம் மரமும் புல்லும் உள்ள அகலமான இடத்தில் உலாவும். நமக்கும் அதற்கும் நடுவில் ஆழமான அகழி இருக்கும். சில இடத்தில் அது வெறும் பள்ளம், சில இடத்தில் தண்ணீர். தடுப்புச் சுவர் பள்ளத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதால் கம்பி இல்லாமல் விலங்கு நேராகத் தெரியும். ஜெர்மனியில் கார்ல் ஹாகன்பெக் என்பவர் 1907-இல் ஹாம்பர்க் நகரில் இந்த முறையில் பூங்கா அமைத்தார். அது பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

மரம் ஏறத் தெரிந்த சிறுத்தைக்கும் பறவைகளுக்கும் அகழி போதாது. அவற்றுக்கு வலை உண்டு. பாம்புகள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். சிம்பன்சிக்கு நீச்சல் வராது, அதனால் அதற்குத் தண்ணீர் அகழியே வேலி. என் மகன் முதல் முறை புலிக்கு எதிரே நின்றபோது "அம்மா, கம்பி எங்கம்மா?" என்று என் புடவையைப் பிடித்துக்கொண்டான். பள்ளத்தை எட்டிக் காட்டிய பிறகுதான் கையை விட்டான். சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

"எங்க அப்பா, மிருகக்காட்சி சாலை சென்ட்ரல் ஸ்டேஷன்கிட்டதான் இருக்குன்னு அடிச்சுச் சொல்றார்?"

அவர் சின்ன வயதில் பார்த்தது அங்கேதான். 1855-இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் எட்வர்டு பால்ஃபர் தொடங்கிய விலங்குக் காட்சிதான் இதன் ஆரம்பம். பிறகு சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், அங்கேதான் வெகுகாலம் இருந்தது. இடம் நெருக்கடியானதால் வண்டலூர் காப்புக்காட்டில் நிலம் எடுத்து, 1985-இல் அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார். இப்போது மொத்தப் பரப்பு சுமார் 602 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1,500 ஏக்கர். அப்பாவையும் கூட்டிப் போங்கள். பழைய இடத்தையும் புதிய இடத்தையும் ஒப்பிட்டு அவர் சொல்லும் கதை பேரப்பிள்ளைகளுக்கு வேறு யாரிடமும் கிடைக்காது.

"செவ்வாய்க்கிழமை லீவாமே? எங்களுக்கு அன்னிக்குத்தான் லீவு கிடைக்குது."

ஆமாம், செவ்வாய் வார விடுமுறை. விலங்குகளுக்கும் காப்பாளர்களுக்கும் கூட்டமில்லாத ஒரு நாள் வேண்டும் என்பதற்காக, விலங்குப் பூங்காக்கள் வாரத்தில் ஒரு நாளாவது மூடியிருக்க வேண்டும் என்பது நாட்டில் பொதுவான விதி. பொங்கல் மாதிரி பண்டிகைக் காலத்தில் செவ்வாயிலும் திறப்பதுண்டு. அதற்குத் தனியாக அறிவிப்பு வரும், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் வேன் பிடித்துப் பதினான்கு பேர் போய், பூட்டிய கேட்டின் முன்னால் நின்றுவிட்டுத் திரும்பியது.

செவ்வாய் மட்டும்தான் முடியும் என்றால் ஈ.சி.ஆர். சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போகலாம். அதற்கு விடுமுறை திங்கள். ரோமுலஸ் விட்டேக்கர் 1976-இல் தொடங்கியது. புதுச்சேரியிலிருந்து மகாபலிபுரம் தாண்டியதும் கொஞ்ச தூரத்தில் வந்துவிடும். வண்டலூரைவிடச் சின்ன இடம், நடையும் குறைவு.

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்? திண்டிவனம் வழியா, ஈ.சி.ஆர். வழியா?"

காரில் போவதென்றால் கடலூரிலிருந்து ஐந்து மணிக்கே கிளம்புங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு ஐந்தரை, ஐந்தே முக்கால் போதும். கடலூரிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர், புதுச்சேரியிலிருந்து 130. காலை ஒன்பது மணிக்குக் கேட் திறக்கும்போது நீங்கள் வரிசையில் இருக்க வேண்டும். இதை நான் எல்லோரிடமும் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். வெயில் ஏறுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில்தான் விலங்குகள் நடமாடும். பதினொன்றரைக்கு மேல் போய்ச் சேர்கிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் மர நிழலில் கிடக்கும் முதுகைத்தான்.

நான் திண்டிவனம் வழியைத்தான் சொல்வேன். புதுச்சேரி தாண்டி மொரட்டாண்டி டோல், பிறகு திண்டிவனம், மேல்மருவத்தூர், மதுராந்தகம், செங்கல்பட்டு, வண்டலூர் என்று ஒரே சாலை. ஆத்தூர், பரனூரிலும் டோல் உண்டு, ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். மதுராந்தகம் ஏரிக்கரையைத் தாண்டும்போது விடிந்திருக்கும். ஈ.சி.ஆரில் போனால் அதிலிருந்து உள்ளே திரும்பிக் கேளம்பாக்கம் போய் வண்டலூர் சாலையைப் பிடிக்க வேண்டும். கடல் காற்று நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் வரை ஊருக்குள் ஊர்ந்து போவதில் காலை நேரம் கரைந்துவிடும்.

இன்னொரு நல்ல விஷயம், சனி ஞாயிறு நெரிசல் நமக்கு எதிர்த்திசையில் இருக்கும். சனி காலையில் சென்னைக்காரர்கள் வெளியே வருவார்கள், நாம் உள்ளே போவோம். ஞாயிறு மாலை அவர்கள் பரனூரில் திரும்ப வரிசை கட்டும்போது நாம் இந்தப் பக்கம் வந்துகொண்டிருப்போம். சாலை நெரிசலுக்குப் பயந்து யாரும் போகாமல் இருக்க வேண்டாம்.

"கார் இல்ல. பஸ்லயோ ரயில்லயோ பிள்ளைங்களோட போக முடியுமா?"

தாராளமாக. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பிறகு இது முன்பைவிடச் சுலபம். கடலூர், புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் வழியாகப் போகும் சென்னைப் பேருந்தில் ஏறி கிளாம்பாக்கத்தில் இறங்கினால் வண்டலூர் அடுத்த ஊர். அங்கிருந்து மாநகரப் பேருந்தோ ஆட்டோவோ பிடிக்கலாம். ஏறும்போதே "திண்டிவனம் வழியா? கிளாம்பாக்கத்துல நிக்குமா?" என்று நடத்துனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரயிலில் போனால் செங்கல்பட்டிலோ தாம்பரத்திலோ இறங்கி மின்சார ரயிலில் வண்டலூர் நிலையம் வர வேண்டும். அங்கிருந்து பூங்கா வாசல் நடக்கும் தூரம்தான். பெரிய சாலையைக் கடக்கும்போது பிள்ளைகளின் கையை விடாதீர்கள், லாரிகள் நிற்காமல் போகிற சாலை. பேருந்தோ ரயிலோ, முந்தைய இரவே கிளம்பித் தாம்பரம் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டால் ஒன்பது மணிக்கு வாசலில் நிற்க முடியும். எங்கள் இரண்டாவது பயணம் அப்படித்தான். பிள்ளைகள் நன்றாகத் தூங்கி எழுந்து வந்ததால் மாலை வரை சிணுங்கவில்லை.

"எந்த மாசம் போறது நல்லது? மே லீவுல வெயில் தாங்குமா?"

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். காணும் பொங்கல் அன்று மட்டும் போகாதீர்கள், அன்று மனிதர்களைத்தான் பார்க்க முடியும். மே மாதத்தில் வேறு வழியில்லை என்றால் ஒன்பதுக்கு உள்ளே போய்ப் பன்னிரண்டுக்கு முடித்துக்கொள்ளுங்கள். கோடையில் யானைகளுக்குத் தண்ணீர் பீய்ச்சிக் குளிப்பாட்டுவதும், விலங்குகளுக்குத் தர்ப்பூசணி போன்ற பழங்கள் தருவதும் அங்கே உண்டு. பிள்ளைகள் அதைக் கைதட்டி ரசிப்பார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊருக்குப் புயல் சின்னம் என்று செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் அந்தப் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து, பல வாரம் மூடிக் கிடந்தது. சாதாரணத் தூறல் என்றால் பயப்பட வேண்டாம். மேகமூட்டமான நாளில் புலியும் கரடியும் மதியத்திலும் நடமாடும்.

"மாமியாருக்கு முட்டி வலி, தம்பி பொண்டாட்டிக்குக் கைக்குழந்தை. இவங்களையும் கூட்டிட்டு வரலாமா?"

கூட்டி வாருங்கள். பேட்டரி வண்டி இருக்கிறது. அதற்கான சீட்டை நுழைவுச் சீட்டு வாங்கும்போதே வாங்கிவிடுங்கள், கூட்டம் கூடினால் காத்திருக்க வேண்டியிருக்கும். நடக்க முடிகிறவர்கள் நடந்து போய், முடியாதவர்கள் வண்டியில் வந்து ஓர் இடத்தில் சேர்ந்துகொள்ளலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். ஒரே சாலை இரண்டு மூன்றாகப் பிரியும், போனில் தேடிக்கொண்டிருப்பதிலேயே அரை மணி போய்விடும். எல்லோரும் ஒன்றாகப் போவதுதான் நல்லது.

கைக்குழந்தைக்குத் தள்ளுவண்டியைவிடப் பழைய பருத்திப் புடவையும் இரண்டு கைகளும் மேல். புடவை நிழலுக்கும் ஆகும், பால் கொடுக்க மறைப்பாகவும் ஆகும், புல்லில் விரித்துப் படுக்க வைக்கவும் ஆகும்.

"சாப்பாடு கட்டிட்டுப் போகலாமா, உள்ளே வாங்கிக்கலாமா?"

உள்ளே கேண்டீன் உண்டு, ஆனால் லீவு நாளில் மதியம் ஒரு மணிக்கு அங்கே இடம் கிடைப்பது சிரமம். நாங்கள் செய்வது இதுதான். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை வழியில் மேல்மருவத்தூர் தாண்டி நிழலில் நிறுத்திச் சாப்பிட்டுவிடுவோம். புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் வண்டியிலேயே இருக்கும், வெளியே வந்த பிறகு அதுதான் மதியச் சாப்பாடு. வரும் வழிக்கு வேகவைத்த மல்லாட்டை (வேர்க்கடலை), ஆனி மாதமாக இருந்தால் பண்ருட்டிப் பலாச்சுளை.

பிளாஸ்டிக் பையை உள்ளே விடமாட்டார்கள், வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் பறக்கிற ஒரு சிப்ஸ் கவர் அகழியைத் தாண்டி மான் வாயில் போனால் அது குடலில் சிக்கிக்கொள்ளும், எடுக்க வழியில்லை. அந்தச் சோதனைக்கு முகம் சுளிக்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

"சிங்க சஃபாரிக்கு நம்ம கார்லயே போகலாமா? பயமா இருக்காதா?"

சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை. பூங்காவின் வண்டியில்தான் போக வேண்டும், அதற்குத் தனிச் சீட்டு. உள்ளே போனதும் நேராகச் சஃபாரி சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலையாக இருக்கட்டும். நுழைவுச் சீட்டைப் பூங்காவின் இணையதளத்தில் முன்கூட்டியே எடுத்துவிட்டால் காலையில் ஒரு வரிசை மிச்சம். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் இங்கே எழுதவில்லை, அதே இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயப்பட ஒன்றும் இல்லை. வண்டி மூடியேதான் இருக்கும். இரட்டைக் கதவு வைத்து, ஒன்று மூடிய பிறகே மற்றொன்றைத் திறப்பார்கள். வண்டி தினமும் வந்து போவதால் சிங்கங்கள் அதை ஒரு பொருட்டாகவே பார்ப்பதில்லை. வண்டிக்குள் கத்துவதும் கண்ணாடியைத் தட்டுவதும்தான் தப்பு. ஒரு பிள்ளை தட்டினால் இருபது பேர் தட்டுவார்கள், அருகில் இருந்த சிங்கம் எழுந்து புதருக்குள் போய்விடும்.

"காசு கட்டிப் போயும் சிங்கம் தூங்கிட்டே இருந்துச்சு. இதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்?"

இந்த ஆதங்கம் எனக்குப் புரிகிறது, முதல் முறை எனக்கும் இருந்தது. சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரைகூடப் படுத்துக் கிடக்கும். ஆப்பிரிக்கக் காட்டிலும், குஜராத்தில் கிர் காட்டிலும் அதே கதைதான். வேட்டைக்குப் பெரும் பலம் வேண்டும், அதைச் சேர்த்து வைக்கத்தான் இந்த ஓய்வு. தூங்குகிற சிங்கம் பயமின்றி இருக்கிற சிங்கம்.

தூங்கும் சிங்கத்திலும் பார்க்க இருக்கிறது. வயிறு மனிதனைப் போல ஏறி இறங்கும். வால் நுனியில் உள்ள கறுப்புக் குஞ்சம் ஈ உட்கார்ந்ததும் தானாகத் துடிக்கும். முன்காலை மடித்து முகத்துக்குக் கீழே வைத்திருக்கும். உங்கள் வீட்டுப் பூனையும் அப்படித்தானே தூங்குகிறது என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

"ஒரே நாள்ல முழுசா பார்த்துட முடியுமா? எதை விடலாம்?"

முடியாது, முயற்சியும் செய்யாதீர்கள். இந்தப் பக்கம் முழுவதையும் எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான் என்று சொல்லலாம். முதல் முறை போனபோது எங்கள் கையில் பட்டியல் இருந்தது. புலி முடிஞ்சது, அடுத்து ஒட்டகச்சிவிங்கி, அடுத்து கரடி என்று நானே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினேன். வீட்டுக்கு வந்து மகளிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால் "ஐஸ்கிரீம்" என்றாள். தப்பு அவளிடம் இல்லை. எந்த விலங்கின் முன்னாலும் மூன்று நிமிடத்துக்கு மேல் அவளை நிற்க விட்டதே இல்லை.

அடுத்த முறை நான்கு இடம் மட்டும் என்று முடிவு செய்தோம், ஒவ்வொருவருக்கும் ஒரு தேர்வு. என் மாமியார் நீர்யானையைச் சொன்னார். குளத்தின் முன்னால் அவர் உட்கார்ந்ததும் அங்கே பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. வந்தவர்கள் எல்லாம் "ஒண்ணும் இல்ல, வா" என்று போய்க்கொண்டே இருந்தார்கள். மாமியார் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு காதுகள் மட்டும் மேலே வந்தன. வந்ததும் பம்பரம் மாதிரி விர்ரென்று சுழன்று தண்ணீரைத் தெளித்தன. பிறகு கண், பிறகு மூக்குத் துவாரம் திறந்து "புஸ்" என்று ஒரு மூச்சு. உடனே மறுபடி முழுக்கு. மகன் என் கைக்கடிகாரத்தை வாங்கி எண்ண ஆரம்பித்தான். இரண்டு நிமிடம், மூன்றரை நிமிடம், அடுத்தது நான்கு. நீர்யானை ஐந்து நிமிடம் வரை மூச்சடக்கும் என்று புத்தகத்தில் இருப்பதை அவனே கண்டுபிடித்தான். ஏழாவது முறை அது வாயைப் பிளந்தபோது மாமியார் "அடி ஆத்தா" என்று எழுந்தே நின்றுவிட்டார். நாற்பது நிமிடம் அங்கேயே இருந்தோம். இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் மகன் அந்தக் கணக்கைச் சொல்கிறான்.

எதை விடலாம் என்றால், உங்கள் பிள்ளைக்கு ஆர்வம் இல்லாததை விடுங்கள். எது வேண்டும் என்று முந்தைய நாள் இரவே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று நானாகச் சேர்க்கச் சொல்வது சிங்கவால் குரங்கு, நம் முன்னோர் சோலைமந்தி என்று சொன்னது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத விலங்கு. புலிக்குக் கூடுகிற கூட்டம் அதன் முன்னால் இருக்காது, அமைதியாக நின்று பார்க்கலாம்.

"வெள்ளைப் புலி தனி இனமா? பனிப் பிரதேசத்துப் புலின்னு சொல்றாங்களே?"

இரண்டும் இல்லை. அதுவும் நம் வங்கப் புலிதான். ரோமத்துக்கு மஞ்சள் நிறம் தரும் மரபணு தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் மாறுதலுடன் வந்து சேர்ந்தால் குட்டி வெள்ளையாகப் பிறக்கும். 1951-இல் மத்தியப் பிரதேசத்தின் ரேவா பகுதியில் பிடிபட்ட மோகன் என்ற குட்டியின் வழியில் வந்தவைதான் பூங்காக்களில் உள்ள வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்கியதால் மாறுகண் போன்ற குறைகள் பலவற்றுக்கு உண்டு. பார்க்க அழகுதான், ஆனால் பக்கத்தில் இருக்கும் சாதாரண மஞ்சள் புலியை யாரும் திரும்பிப் பார்க்காமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கும். காட்டில் புல்லோடு புல்லாக மறைய உதவுவது அந்த மஞ்சள்தான்.

"குரங்குக்கு ஒரு பிஸ்கட் போட்டா என்ன ஆயிடப் போகுது? பாவம், கையை நீட்டுது."

போடக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பூங்கா விலங்குக்கு உணவு கொடுப்பதும் சீண்டுவதும் குற்றம். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு சாப்பாடு என்று மருத்துவர் அளந்து கொடுக்கிறார். நாம் ஆளுக்கொரு பிஸ்கட் போட்டால் ஒரு நாளில் ஆயிரம் பிஸ்கட். அப்புறம், நம் கை எச்சிலில் உள்ள கிருமியும் சேர்ந்து போகும்.

இது வெறும் பேச்சு இல்லை. 2021 ஜூன் மாதம் இதே வண்டலூரில் சிங்கங்களுக்குக் கொரோனா வந்தது, ஒரு பெண் சிங்கமும் ஓர் ஆண் சிங்கமும் இறந்துபோயின. அதனால் வீட்டில் யாருக்காவது சளி, காய்ச்சல் என்றால் பயணத்தை அடுத்த வாரத்துக்கு மாற்றுங்கள்.

"எங்க பொண்ணுக்கு மணக்குள விநாயகர் கோயில் லட்சுமின்னா உசிரு. அங்க யானையைத் தொட்டுப் பார்க்க விடுவாங்களா?"

விடமாட்டார்கள், தூரத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். லட்சுமியின் தும்பிக்கை தலையில் பட வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். 2022 நவம்பர் 30 அன்று நடைப்பயிற்சியில் அவள் சாய்ந்து இறந்தபோது ஊரே அழுதது. என் நாத்தனார் மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவளை வண்டலூருக்குக் கூட்டிப் போனபோது முதலில் முகம் வாடினாள். பிறகு யானை தும்பிக்கையால் மண்ணை அள்ளித் தன் முதுகில் தானே போட்டுக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அத்தை, லட்சுமி இப்படிப் பண்ணி நான் பார்த்ததே இல்ல" என்றாள். வெயிலுக்கும் பூச்சிக்கும் யானை பூசிக்கொள்ளும் மருந்து அது என்று சொன்னேன். கல் தரையில் நின்ற யானைக்கு அதற்கு வாய்ப்பு ஏது?

"திரும்பி வரும்போது வேடந்தாங்கலையும் பார்த்துட்டு வந்துடலாமா? வழியிலதானே இருக்கு?"

வழியில்தான் இருக்கிறது, படாளம் கூட்டுரோட்டில் பிரிந்து போக வேண்டும். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். முழுவதும் பார்க்க முடியாது என்று மேலே சொன்ன அதே காரணம்தான். வேடந்தாங்கலுக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள், நவம்பரிலிருந்து மார்ச் வரை.

அங்கே கூண்டும் இல்லை, அகழியும் இல்லை. பறவைகள் தாமாக வந்து தங்கிப் போகும் ஊர் ஏரி. பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்து வைத்திருந்த ஊர்க்காரர்கள், 1798-லேயே கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பறவைகளுக்குப் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம், கூழைக்கடா எல்லாம் மரம் கொள்ளாமல் உட்கார்ந்திருக்கும். அவ்வளவு தூரம் முடியாத புதுச்சேரிக்காரர்களுக்கு ஊசுட்டேரி பக்கத்திலேயே இருக்கிறது.

"எங்க பையன், 'இதையெல்லாம் ஏன் காட்டுல விடல'ன்னு கேட்டு அழறான். என்ன பதில் சொல்றது?"

அவன் கேட்டது நல்ல கேள்வி. அதட்டி அடக்காதீர்கள். உண்மையைச் சொல்லலாம். இங்கே இருப்பவற்றில் பல பூங்காவிலேயே பிறந்தவை, வேட்டையாடக் கற்றதில்லை, மனிதரைக் கண்டு ஒதுங்கவும் தெரியாது. காட்டில் விட்டால் பட்டினி கிடக்கும், இல்லையென்றால் ஊருக்குள் வந்துவிடும். சிங்கம், புலி, கரடி, குரங்கு போன்றவற்றைச் சர்க்கஸில் ஆட்டி வைக்கக் கூடாது என்று 1998-இல் மத்திய அரசு தடை போட்டது. அதன் பிறகு சர்க்கஸ்களிலிருந்து மீட்ட சிங்கம் புலிகளுக்குப் போக்கிடமாக வண்டலூரிலும் ஒரு மறுவாழ்வு மையம் அமைந்தது. அதைப் பொதுமக்களுக்குக் காட்டுவதில்லை. வேடிக்கை பார்த்தது போதும், இனி நிம்மதியாக இருக்கட்டும் என்று.

அதோடு நிறுத்தாமல், "உனக்கு வருத்தமாக இருப்பது சரிதான்" என்றும் சொல்லுங்கள். எத்தனை ஏக்கர் கொடுத்தாலும் அது காடு ஆகாது. என் மகன் இந்தப் பதிலைக் கேட்டு, "அப்போ அந்தச் சிங்கத்துக்கு நாம என்ன பண்ணலாம்?" என்று கேட்டான். அடுத்த கேள்வியின் பதில் அவனுக்காக நான் தேடிக் கண்டுபிடித்தது.

"விலங்கைத் தத்து எடுக்கலாமாமே? வீட்டுக்கா கொண்டு வரப் போறோம்?"

விலங்கு அங்கேயேதான் இருக்கும். அதன் சாப்பாட்டுச் செலவை நாம் ஏற்றுக்கொள்வதுதான் தத்து. ஒரு நாளுக்கும் கட்டலாம், மாதக் கணக்கிலும் கட்டலாம். யானை, புலி என்றால் தொகை பெரிது. பறவைகளுக்கும் சின்ன விலங்குகளுக்கும் நம்மைப் போன்ற குடும்பத்தால் முடிகிற அளவுதான். கட்டிய பணத்துக்கு வருமான வரிச் சலுகையும் உண்டு.

போன பிறந்தநாளுக்கு மகனிடம் கேக்கின் அளவைக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம், ஒத்துக்கொண்டான். நீர்யானையைத்தான் எடுக்க நினைத்தான், பணம் போதவில்லை. ஒரு கிளிக்குச் சில நாள் சாப்பாடு என்று முடிவானது. ரசீதைத் தன் கணக்கு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறான், நீர்யானையின் மூச்சு நேரங்கள் எழுதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில்.